மௌனத்தில் எல்லாரும் சமம், கண் திறந்ததும் மூன்று பேர் ராஜ்ஜியம்: என்ன செய்யலாம்?

வட்டப்பாய் (கேள்வி)

பொது வேலைகளைப் பேசி முடிவெடுக்க வாரம் ஒருமுறை கூடும் ஒரு குழுவைப் பற்றிய கேள்வி. மொத்தம் 14 பேர். வெவ்வேறு சமயத்தார், இரண்டு பேருக்குக் கடவுள் நம்பிக்கையே கிடையாது. கூட்டம் 10 நிமிட மௌனத்தோடு தொடங்கும். அந்த மௌனத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. யாரும் போனை நோண்டுவதில்லை, இருமல்கூட அடங்கித்தான் வருகிறது. கண்ணைத் திறந்ததும் பழைய கதை. மூன்று பேர் பேசுகிறார்கள், மீதிப் பேர் தலையாட்டுகிறார்கள், படியிறங்கும்போதுதான் அவரவர் மனதில் இருந்தது வாய்க்கு வருகிறது. "உள்ளேயே சொல்லியிருக்கலாமே" என்று கேட்டால் "எதுக்கு வம்பு" என்பதுதான் பதில்.

தியானம், பிரார்த்தனை, தன்னாய்வு, தொண்டு என்று அன்றாடம் செய்கிற ஆன்மிகப் பயிற்சிகளில் எவை முடிவெடுக்கும் விதத்தையே மாற்றும்? பிறர் பேச்சைக் காது கொடுத்துக் கேட்பது, நம் கருத்து தோற்றாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டு போகாமல் இருப்பது, குரல் எழும்பாதவருக்கு இடம் விடுவது: இவற்றுக்குப் பழக்கம் தருபவை எவை? எத்தனை நிமிடம், யார் முதலில், எங்கே சொதப்பும் என்ற அளவுக்கு இறங்கிச் சொன்னால் நல்லது. மனசு லேசாகும், நேர்மறை ஆற்றல் பெருகும் வகையறாப் பதில்கள் வேண்டாம். அவை ஏற்கெனவே மூட்டைக் கணக்கில் கிடைத்துவிட்டன.

ஓலைநறுக்கு

மௌனம் தப்பான இடத்தில் இருக்கிறது. தொடக்கத்தில் 10 நிமிடத்தை மொத்தமாகக் கொட்டிவிட்டு, பிறகு சொட்டுக்கூட இல்லையென்றால் வேகமாகப் பேசுகிறவருக்குத்தான் லாபம். நன்றாக ஓய்வெடுத்துவிட்டு வந்து பிடி பிடியென்று பிடிப்பார். அதே மௌனத்தைப் பிரித்துப் போடுங்கள். தொடக்கத்தில் 3 நிமிடம். ஒவ்வொருவர் பேசி முடித்ததும் இரண்டு மூச்சு, ஏறக்குறைய 10 விநாடி. தீர்மானத்தை வாசிப்பதற்கு முன் 2 நிமிடம். நடுவில் வரும் அந்த 10 விநாடிதான் விஷயமே. தயங்குகிறவர் வாயைத் திறக்க எடுத்துக்கொள்ளும் நேரம் அது. சரளமாகப் பேசுகிறவருக்கு அப்படியொரு இடைவெளி இருப்பதே தெரியாது; போன வாக்கியத்தின் வாலைப் பிடித்துக்கொண்டு ஏறிவிடுவார்.

இதை மூன்றரை நூற்றாண்டுக்கு மேலாகச் செய்துவருகிறவர்கள் குவேக்கர்கள். 17-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ஜார்ஜ் ஃபாக்ஸைச் சுற்றி உருவான கிறிஸ்தவப் பிரிவு. அவர்களுக்கு நிர்வாகக் கூட்டமும் வழிபாடுதான். அதில் ஓட்டெடுப்பு கிடையாது. எழுத்தர் என்று ஒருவர் இருப்பார். கூட்டம் எந்தப் பக்கம் சாய்கிறது என்று கவனித்து, அங்கேயே உட்கார்ந்து தீர்மானத்தை எழுதி, உரக்க வாசித்து, "இதுதானே நம் கருத்து?" என்று கேட்பது அவர் வேலை. ஒரு சொல் பிசகினாலும் அங்கேயே திருத்துவார்கள். வீட்டுக்குப் போய் ஆற அமர மினிட்ஸ் எழுதும் வழக்கத்தில் எழுதுகிறவரின் கைவரிசை கொஞ்சம் கலந்துவிடும்; இங்கே அதற்கு வழியில்லை. எழுத்தர் தன் சொந்தக் கருத்தைப் புகுத்தக் கூடாது. அவருக்கே அந்த விஷயத்தில் அழுத்தமான கருத்து இருந்தால், அந்த ஒன்றுக்கு மட்டும் நாற்காலியை இன்னொருவருக்குக் கொடுத்துவிட்டு வந்து பேசலாம்.

உங்கள் குழுவுக்கு நான் சொல்வது இது. முதல் சுற்றில் ஆளுக்கு 90 விநாடி. குறுக்குக் கேள்வி இல்லை, பதில் இல்லை, "அவர் சொன்னதுக்கு நான் என்ன சொல்றேன்னா" இல்லை. பேச விருப்பமில்லாதவர் "அடுத்தவர்" என்று சொல்லிக் கடத்தலாம். ஆனால் சுற்று முடிந்ததும் அவரிடம் ஒருமுறை திரும்பிக் கேட்க வேண்டும். 14 பேருக்கு 21 நிமிடம், இடைவெளி மௌனம் சேர்த்தால் 24-ஐ நெருங்கும். ஆகவே ஒரு கூட்டத்துக்கு ஒரு விஷயம்தான் இப்படிப் பேச முடியும். எல்லாவற்றுக்கும் சுற்று வைத்தால் மூன்றாம் வாரம் பாதிப் பேர் வரமாட்டார்கள். நாற்காலி எத்தனை வாங்குவது என்பதற்கெல்லாம் வேண்டாம்.

வரிசைதான் அடுத்தது. 6-ஆம் நூற்றாண்டில் கிறிஸ்தவத் துறவி பெனடிக்ட் தன் மடங்களுக்கு எழுதிய விதிகளில் 3-ஆம் அதிகாரம் இதைப் பேசுகிறது: முக்கியமான விஷயம் என்றால் எல்லாரையும் கூப்பிட்டுக் கேட்க வேண்டும், ஏனென்றால் நல்லது எது என்பது பல சமயம் இளையவருக்கே வெளிப்படுகிறது. (கடைசி முடிவை மடாதிபதி கையில்தான் அவர் விட்டார். அந்தப் பாதியை நீங்கள் எடுத்துக்கொள்ளத் தேவையில்லை.) கடைசியாகச் சேர்ந்தவர் முதலில் பேசட்டும், அந்த மூன்று பேர் கடைசியில். குழுவைத் தொடங்கியவர் முதலில் பேசிவிட்டால், பின்னால் வருகிற எல்லாரும் அவர் பேச்சுக்கு அடிக்குறிப்புதான் போடுவார்கள்.

இதில் எங்கே சொதப்பும்? அடுத்தவர் பேசும்போது தன் 90 விநாடிக்கு ஒத்திகை பார்ப்பதில். முகத்தைப் பார்த்தாலே தெரியும், உதடு லேசாக அசையும். அதற்கு மருந்து இரண்டாம் சுற்று. மறுத்துப் பேச விரும்புகிறவர், மறுக்கப்போகிற கருத்தை முதலில் சொல்ல வேண்டும். அதுவும் அந்தக் கருத்துக்காரர் "ஆமா, அதைத்தான் சொன்னேன்" என்று ஒப்புக்கொள்ளும்படி. யூத மரபில் ஹில்லேல், ஷம்மாய் என்று இரண்டு பள்ளிகள். தீர்ப்பு ஏன் ஹில்லேல் பள்ளிப் பக்கம் போனது என்பதற்குத் தல்மூத் (யூதச் சட்ட விவாதங்களின் தொகுப்பு) சொல்லும் காரணம் அவர்கள் அதிகப் புத்திசாலிகள் என்பதல்ல. அவர்கள் மென்மையாகப் பேசினார்கள், எதிர்ப்பள்ளியின் கருத்தையும் கற்பித்தார்கள், அதைத் தம் கருத்துக்கு முன்னால் வைத்தார்கள் என்பதுதான். "அவர் என்ன சொல்ல வர்றார்னா" என்று தொடங்கி, கேலியாகத் திரித்துச் சொல்வது கணக்கில் சேராது. ஒப்புதல் வாங்கித்தான் மேலே போக வேண்டும்.

கடைசிப்படி

கூட்டத்துக்குள் செய்வதை மேலே சொல்லிவிட்டார். வீட்டில் தனியாகச் செய்யாமல் அது நிலைக்காது. வாரத்தில் ஒரு மணி நேரம் கேட்கப் பழகிவிட்டு மீதி 167 மணி நேரமும் குறுக்கே விழுந்து பேசினால் எது பழக்கமாகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

இரண்டு பயிற்சிகள் சொல்கிறேன். முதலாவது இரவுக் கணக்கு. 16-ஆம் நூற்றாண்டில் இயேசு சபையை நிறுவிய இக்னேஷியஸ் ஐந்து படியில் வகுத்த தன்னாய்வை ஒட்டியது. கடவுளை நோக்கியும் செய்யலாம், தன் மனசாட்சியை நோக்கியும் செய்யலாம். பன்னிரண்டு நிமிடத்துக்கு மேல் வேண்டாம். முதல் 2 நிமிடம் நன்றி. பொதுவாக "எல்லாருக்கும்" என்று அல்ல, இன்று யாருடைய உழைப்பின் மேல் காலை வைத்து நடந்தோம் என்று ஒருவரையாவது குறிப்பாக. அடுத்த 5 நிமிடம் நாளைக் காலையிலிருந்து ஓட்டிப் பார்ப்பது. யாருடைய பேச்சை வெட்டினேன்? யாரைப் பார்த்தும் பார்க்காதது போலப் போனேன்? பேச வேண்டிய இடத்தில் எங்கே வாயை மூடிக்கொண்டேன்? அடுத்த 3 நிமிடம் அவற்றில் ஒன்றை மட்டும் எடுத்துக் கிட்டப் போய்ப் பார்ப்பது. கடைசி 2 நிமிடம், நாளை அதைச் சரிசெய்ய ஒரு செயல். "இனிமேல் பொறுமையாக இருப்பேன்" என்பது செயலில்லை. "நாளைக் காலை பதினொரு மணிக்குள் அவரிடம் போய், நேற்று நான் முடிக்கவிடாத உங்கள் வாக்கியம் என்ன என்று கேட்பேன்" என்பது செயல்.

கெட்டுப்போவது இரண்டு வழியில். ஒன்று, இது குற்றப்பட்டியலாக மாறித் தூக்கம் போகும். அதற்காகத்தான் ஒன்றை மட்டும் எடுக்கச் சொல்வது, அதற்காகத்தான் நன்றி முதலில். இன்னொன்று, பத்து நாளில் எல்லாம் பொதுவாகிவிடும்: "கொஞ்சம் கோபப்பட்டேன், மற்றபடி பரவாயில்லை." ஆள், நேரம், சொன்ன வாக்கியம் மூன்றும் இல்லாத கணக்கு கணக்கே இல்லை. ஒரு சின்ன நோட்டில் அந்த மூன்றை மட்டும் எழுதுங்கள். யாரிடமும் காட்ட வேண்டாம். காட்டத் தொடங்கினால் பணிவைப் போட்டி போட்டுக்கொண்டு எழுதுவோம், அது இன்னொரு கூத்து.

மூன்றாவது கேள்விதான், பேச வேண்டிய இடத்தில் பேசாதது, பெரும்பாலும் விட்டுப்போகும். ஆன்மிகம் என்றாலே அடங்கிப்போவது என்று ஒரு எண்ணம் இருக்கிறதல்லவா. உங்கள் குழுவில் அந்தப் பதினொரு பேர் கணக்கு எழுதினால் முக்கால்வாசி நாள் அந்தக் கேள்விக்குத்தான் பதில் வரும்.

இரண்டாவது, மைத்ரி தியானம், மெத்தா என்பார்களே அது: ஒவ்வொருவராக நினைத்து நலம் வாழ்த்தும் பௌத்தப் பயிற்சி. எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஆனால் அவசரத்தில் எல்லாரும் தாண்டிப்போகிற ஒரு படி அதில் இருக்கிறது. 5-ஆம் நூற்றாண்டில் புத்தகோசர் தொகுத்த விசுத்திமக்கம் என்ற பௌத்தத் தியான நூல் தரும் வரிசை: முதலில் தான், பிறகு மதிப்புக்குரிய ஒருவர், பிறகு மிக நெருங்கிய நண்பர், பிறகு வேண்டியவரும் அல்லாத வேண்டாதவரும் அல்லாத ஒருவர், கடைசியில் பகையாளி. நாம் நண்பரிலிருந்து நேரே பகையாளிக்குத் தாவுவோம், அதில்தான் நாடகம் இருக்கிறது. குடிமைக்குத் தேவைப்படுவதோ நடுவில் இருக்கும் அந்த ஆள். மக்களாட்சியில் நம் ஓட்டு பாதிப்பது பெரும்பாலும் நாம் விரும்பவும் வெறுக்கவும் செய்யாதவர்களைத்தான்.

செய்முறை: தினமும் கண்ணில் படும், பெயர் தெரியாத ஒருவரைத் தேர்ந்தெடுங்கள். இரண்டு வாரம் ஆளை மாற்றாதீர்கள். காலையில் 10 நிமிடம் என்றால் 4 நிமிடம் அவருக்கு. "நலமாயிருக்கட்டும், அச்சமின்றி இருக்கட்டும்" என்று நாலைந்து சொல் போதும். முதல் மூன்று நாள் முகமே நினைவுக்கு வராது. கண்ணாடி போடுவாரா, எந்தக் கையால் பை பிடிப்பார் என்று ஒன்றும் தெரியாது. அந்த வெறுமைதான் பாடம். நான்காம் நாள் அவரை உண்மையிலேயே கவனித்துப் பார்ப்பீர்கள். தானாக நடக்கும். ஆனால் அவரிடம் போய் "உங்களுக்காகத் தியானம் செய்கிறேன்" என்று சொல்லித் தொலைக்காதீர்கள்.

இது பழுத்ததா என்று பார்க்க அந்த நூலில் ஒரு சோதனை வருகிறது. நீங்கள், நண்பர், அந்த நடு ஆள், பகையாளி நாலு பேரும் உட்கார்ந்திருக்கிறீர்கள். கொள்ளையர் வந்து, பலி கொடுக்க ஒரு ஆளைக் கொடு என்கிறார்கள். "இவரைக் கொண்டுபோங்கள்" என்று யாரைக் காட்டினாலும் தோல்வி, அது எதிர்பார்த்ததுதான். "என்னைக் கொண்டுபோங்கள், அவர்களை விடுங்கள்" என்றாலும் தோல்வி. தன்னையும் மற்றவரையும் பிரிக்கும் வேலி இன்னும் உடையவில்லை என்று பொருள். பொதுக்காரியத்தில் எல்லாச் சுமையையும் தானே தூக்கிக்கொண்டு, பிறகு எல்லாரையும் குற்றவுணர்ச்சியில் ஆழ்த்தும் ஆசாமிகளுக்கு இந்தச் சோதனையை வாசித்துக் காட்டலாம்.

மாற்றுக்கருத்து_மணி

மேலே இருவரும் சொன்னது சரி, ஆனால் குவேக்கர் முறைக்கு இவ்வளவு பூமாலை வேண்டாம். ஓட்டு இல்லாமல் ஒருமித்துப் போவது என்பதில் ஒரு பொல்லாப்பு இருக்கிறது: இப்போதைய நிலைமையால் பயன் பெறுகிறவர் "எனக்கு இன்னும் தெளிவு வரவில்லை" என்றபடியே வருடக்கணக்கில் உட்கார்ந்திருக்கலாம்.

வரலாறே சாட்சி. 1688-இல் பென்சில்வேனியாவின் ஜெர்மன்டவுனில் நாலு பேர் அடிமைமுறை தவறு என்று எழுதிக் கையெழுத்திட்டுக் குவேக்கர் கூட்டத்துக்குக் கொடுத்தார்கள். "விஷயம் கனமானது" என்று மேல்கூட்டம், அதற்கும் மேல்கூட்டம் என்று தள்ளிக்கொண்டே போய்க் கிடப்பில் போட்டார்கள். 1738-இல் பெஞ்சமின் லே என்பவர் ஆண்டுக் கூட்டத்துக்கு ஒரு புத்தகத்தைக் குடைந்து, உள்ளே சிவப்புப் பழச்சாறு நிரப்பிய பையை வைத்துக்கொண்டு வந்தார். அடிமை வைத்திருப்பவர்களின் இரத்தத்தைக் கடவுள் இப்படித்தான் சிந்தவைப்பார் என்று சொல்லிக் கத்தியால் குத்தினார். சுற்றியிருந்தவர்கள் மேலெல்லாம் தெறித்தது. அமைதியைக் குலைத்தார் என்று அவரைத் தூக்கி வெளியே கொண்டுபோனார்கள். பிலடெல்பியா ஆண்டுக் கூட்டம் அடிமை வைத்திருப்பதை உறுப்பினர்களுக்கு முற்றாகத் தடைசெய்தது 1776-இல். 88 வருடம். அந்த 88 வருடமும் மௌனம் அழகாகத்தான் நடந்திருக்கும். அந்த அறையில் இல்லாதவர்கள் அடிமைகள் மட்டும்தான் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஆகவே ஒற்றுமைக்குப் பயிற்சி எடுக்கும் குழு, முரண்படவும் அதே அளவு பயிற்சி எடுக்க வேண்டும். மூன்று வழி.

எதிர்ப்பை எல்லாருக்கும் கடமையாக்குவது ஒன்று. 1539-இல் ரோமில் இக்னேஷியஸும் தோழர்களும் தமக்குள் ஒருவருக்குக் கீழ்ப்படிவதாக வாக்குக் கொடுத்துச் சபையாவதா வேண்டாமா என்று பேசியபோது செய்தது இது. ஒரு நாள் முழுக்க ஒவ்வொருவரும் எதிரான காரணங்களை மட்டும் சொன்னார்கள். மறுநாள் ஒவ்வொருவரும் ஆதரவான காரணங்களை மட்டும். யாரும் ஒரே கட்சியில் நிற்கவில்லை என்பதால் யாரும் யாரையும் தோற்கடிக்கவில்லை. இடையில் ஒருவரையொருவர் தனியாகப் பார்த்துப் பேசி மனதை மாற்றக் கூடாது என்றும், தான் இந்தக் குழுவில் இல்லாத வெளியாள் போல யோசிக்க வேண்டும் என்றும் முன்கூட்டியே முடிவு செய்துகொண்டார்கள். உங்களுக்கு இரண்டு நாள் தேவையில்லை. ஒரு வாரம் எதிர், அடுத்த வாரம் ஆதரவு, மூன்றாம் வாரம் முடிவு. நடுவில் அதைப் பற்றி வாட்ஸப்பில் ஒரு வரி கூடாது. இந்த விதி உடைந்தால் மொத்தமும் உடையும். படியிறங்கும்போது பேசுவதும் அதே கணக்குதான்.

இரண்டாவது, விலகி நிற்பதைப் பதிவு செய்வது. "எனக்கு உடன்பாடில்லை, ஆனால் தடுக்கமாட்டேன்" என்று ஒருவர் சொன்னால், அவர் விரும்பினால் பெயரோடு தீர்மானத்தில் எழுதுங்கள். ஆறு மாதம் கழித்து அந்தத் தீர்மானத்தை மறுபடி பார்க்கத் தேதியும் குறித்துவிடுங்கள். தோற்றவர் குழுவில் தங்குவதற்கு இதைவிட உறுதியான காரணம் வேறு இல்லை. மூன்று கூட்டத்துக்குப் பிறகும் இழுத்தால் ஓட்டுக்குப் போங்கள், வெட்கப்பட வேண்டாம். பிக்குகளுக்கான ஒழுக்க விதித் தொகுப்பான பௌத்த விநயத்திலேயே தகராறுகளைத் தீர்க்கும் ஏழு வழிகளில் பெரும்பான்மை முடிவும் ஒன்று. அதற்குச் சலாகை எனப்படும் குச்சிகளைக் கொடுத்து எண்ணினார்கள், அதைக் கொடுக்கத் தனியாக ஒரு பிக்குவைச் சங்கமே நியமித்தது. முக்கியமான காரியங்களில் முன்மொழிவை ஒருமுறையும் அறிவிப்பை மூன்று முறையும் உரக்கச் சொல்லி, மூன்றாவது முறைக்குப் பிறகும் யாரும் வாய் திறக்கவில்லை என்றால்தான் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளும் முறை இருக்கிறது. "யாருக்கும் ஆட்சேபம் இல்லையே? சரி, அடுத்து" என்று ஒரே மூச்சில் ஓட்டுகிற நம் பழக்கத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

மூன்றாவதுதான் கடினம், பலனும் அதில்தான் அதிகம். பவாரணை. மழைக்காலம் மூன்று மாதம் ஒன்றாகத் தங்கியிருந்த பிக்குகள், அது முடியும் நாளில் ஒவ்வொருவராகச் சங்கத்தின் முன் சொல்வது: என்னிடம் நீங்கள் கண்டது, கேட்டது, ஐயப்பட்டது எதுவானாலும் இரக்கத்தோடு எடுத்துச் சொல்லுங்கள், குற்றம் என்று கண்டால் திருத்திக்கொள்கிறேன். மூத்தவரிலிருந்து தொடங்கும். அதாவது அதிகாரம் உள்ளவர் முதலில் தலையைக் கொடுக்கிறார். பேச்சுச் சுற்றில் இளையவர் முதலில், இதில் மூத்தவர் முதலில், வரிசையைக் குழப்பிவிடாதீர்கள். அந்த மூன்று பேர் தொடங்காமல் புதியவரைத் தொடங்கச் சொன்னால் அது விசாரணைக் கமிஷன் ஆகிவிடும்.

சொல்கிறவருக்கும் ஐந்து நிபந்தனை உண்டு: தக்க நேரத்தில், உண்மையாக, மென்மையாக, பயன் தரும்படி, நல்லெண்ணத்தோடு. ஐந்தில் ஒன்று குறைந்தாலும் அன்றைக்குச் சொல்லாமல் விடலாம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை போதும். அழைத்தவர் அங்கேயே பதில் சொல்லக் கூடாது, "கேட்டுக்கொண்டேன்" என்பதோடு சரி. விளக்கம் சொல்ல அனுமதித்தால் ஐந்தாவது நிமிடத்தில் பட்டிமன்றம் தொடங்கிவிடும்.

வட்டப்பாய்

மூவருக்கும் நன்றி. எதிர்வாரம், ஆதரவுவாரம் என்பது உடனே செய்யக்கூடியதாகத் தெரிகிறது. இரண்டு சந்தேகம். "மௌனத்தில் எனக்கு உள்ளிருந்து உத்தரவு வந்தது" என்று ஒருவர் சொல்லிவிட்டால் அதற்கு மேல் யாரும் பேச முடிவதில்லை, இதை எப்படிக் கையாள்வது? நம்பிக்கை இல்லாத அந்த இரண்டு பேரை எப்படிச் சேர்த்துக்கொள்வது? கூடவே ஒன்று: கூட்டத்துக்கு வெளியே, சேர்ந்து செய்யும் வேலையாக ஏதாவது?

ஓலைநறுக்கு

உத்தரவு விஷயம்: உள்ளே தோன்றியது ஒருவருக்குப் பேசும் உரிமையைத் தருகிறது, ஜெயிக்கும் உரிமையைத் தருவதில்லை. இதைக் குழுவின் விதியாகவே எழுதிவையுங்கள். பஹாய் என்ற சமய மரபில் கலந்தாலோசனைக்கு ஒரு நல்ல வழக்கம்: கருத்தை வட்டத்தின் நடுவில் வைத்த பிறகு அது வைத்தவருடையது அல்ல, குழுவினுடையது. அவர் அதைக் கட்டிக் காக்க வேண்டியதில்லை, மற்றவர் அதைத் திருத்தும்போது அவரைத் தாக்குவதாகவும் ஆகாது. நடைமுறையில் இதற்கு ஒரு சின்ன வேலை போதும். யோசனைகளைப் பலகையில் எழுதும்போது பெயர் போடாதீர்கள். அரைமணி கழித்து எது யாருடையது என்று பாதிப் பேருக்கு மறந்திருக்கும்.

அப்படியும் ஒருவர் பிடிவாதமாக உள்ளுணர்வைச் சொன்னால், பொதுக்கூட்டத்தில் மல்லுக்கு நிற்காமல் தெளிவுக்குழு ஒன்று வையுங்கள். இதுவும் குவேக்கர் வழக்கம்தான், மேலே விழுந்த அடி போதாதென்று மறுபடி கொண்டுவருகிறேன். 5 அல்லது 6 பேர், 2 மணி நேரம், நடுவில் அந்த ஒருவர். மற்றவர்கள் கேள்வி மட்டும் கேட்கலாம், அதுவும் பதில் தெரியாத கேள்வி. "இதற்குப் பதிலாக அதைச் செய்யலாம் என்று யோசித்தீர்களா?" என்பது கேள்விக்குறி ஒட்டிய அறிவுரை, செல்லாது. "இது நிறைவேறினால் யாருக்குச் சிரமம் அதிகம் என்று தோன்றுகிறது?" செல்லும். ஒரு கேள்விக்கும் அடுத்ததற்கும் நடுவில் தாராளமாக இடைவெளி. அங்கே பேசியது அங்கேயே நிற்க வேண்டும். இரண்டு மணி நேரம் நல்ல கேள்விகளைச் சந்தித்த பிறகும் அந்த உத்தரவு தாக்குப்பிடித்தால் அதற்கு மரியாதை கொடுக்கலாம்.

நம்பிக்கை இல்லாதவர்கள்: மௌனத்துக்கு மௌனம் என்றே பெயர் இருக்கட்டும், பிரார்த்தனை என்று சொல்ல வேண்டாம். தொடக்க வாசிப்பு வைத்தால் ஒவ்வொரு வாரமும் ஒருவர் தேர்ந்தெடுக்கட்டும், 1 நிமிடத்துக்குள். அவர்கள் முறை வரும்போது தமக்குப் பிடித்த எதையாவது வாசிக்கட்டும். கண்ணை மூடுவது, கைகூப்புவது எதையும் கேட்காதீர்கள். மௌனத்துக்குப் பிறகு வந்து சேர்ந்துகொள்ளலாம் என்ற கதவு எப்போதும் திறந்திருக்க வேண்டும். அப்படி வருகிறவரின் கருத்துக்கு எடை குறையக் கூடாது. இதைவிட அதிகமாக யோசித்தால் அவர்களை விருந்தாளி ஆக்கிவிடுவோம்.

துடைப்பம்_முதலில்

கடைசிக் கேள்விக்கு மட்டும் பதில். சுழற்சி வேலை. பெனடிக்டின் விதிகளை மேலே ஒருவர் எடுத்தார், அதில் 35-ஆம் அதிகாரத்தையும் பாருங்கள். சமையலறை வேலை வாரமுறையில் எல்லாருக்கும் வரும். நோயாளிக்கும், மிக முக்கியமான பொறுப்பில் இருப்பவருக்கும் மட்டும்தான் விலக்கு. வாரம் முடிகிறவர் சனிக்கிழமை சுத்தம் செய்து, துணிகளைத் துவைத்து, பாத்திரங்களைப் பழுதில்லாமல் எண்ணி ஒப்படைக்க வேண்டும். முடிக்கிறவரும் தொடங்குகிறவரும் சேர்ந்து எல்லாருடைய கால்களையும் கழுவ வேண்டும். சீக்கியரின் குருத்துவாராவில் எல்லாரும் ஒரே தரையில் ஒரே வரிசையில் உட்காருவதும், இஸ்லாமியத் தொழுகையில் தோளோடு தோள் நிற்பதும் உடம்பு வழியாகச் சொல்லும் அதே விஷயம். காதால் கேட்ட சமத்துவத்தை முதுகு ஒத்துக்கொள்வதற்கு நாளாகும்.

14 பேர் என்றால் வாரம் இரண்டு பேர், 7 வாரத்தில் ஒரு சுற்று. ஜோடியைக் குலுக்கல் முறையில் போடுங்கள், ஒவ்வொரு சுற்றிலும் மாற்றுங்கள். பாய் விரிப்பது, கூட்டுவது, கழிப்பறை கழுவுவது, விளக்கணைத்துப் பூட்டுவது. வேலைப் பட்டியல் சுவரில் இருக்கட்டும், ஒப்படைக்கும்போது இருவரும் நின்று சரிபார்க்கட்டும்.

கெடுவது வழக்கமாக மூன்று இடத்தில். வசதியுள்ளவர் "நான் பணம் கொடுத்துவிடுகிறேன், ஆள் வைத்துக்கொள்ளலாம்" என்பார். நல்ல மனசோடுதான் சொல்வார், ஒத்துக்கொள்ளாதீர்கள். அந்த நாளிலிருந்து அது சேவை அல்ல, விலக்குவரி. அடுத்து, பட்டியலில் எல்லார் பெயரும் இருந்தும் கழிப்பறை மட்டும் எப்படியோ பெண்களுக்கும் இளையவர்களுக்கும் போய்ச் சேரும். அதனால் வேலையையும் குலுக்கலில் போடுங்கள். மூன்றாவது, பேசும் அந்த மூவரில் ஒருவர் தொண்டிலும் முந்திக்கொண்டு எல்லா வாரமும் கூட்டுவார். பார்க்கப் பணிவு மாதிரி இருக்கும். ஆனால் ஆறு மாதத்தில் சாவி, கணக்கு, தகவல் எல்லாம் அவர் மடியில் இருக்கும். முறை இல்லாத வாரத்தில் துடைப்பத்தைத் தொடக் கூடாது என்று அவருக்கும் விதி உண்டு.

வட்டப்பாய்

அந்த மூன்றாவதைப் படித்ததும் கொஞ்சம் சிரிப்பு வந்துவிட்டது. அடுத்த கூட்டத்திலிருந்து 90 விநாடிச் சுற்றும், எதிர்வாரமும். ஒரே ஒரு சந்தேகம்: டைமர் யாரிடம் இருப்பது நல்லது?

கடைசிப்படி

அதிகம் பேசுகிறவரிடம். நேரம் பார்க்கும் பொறுப்பு கையில் இருந்தால் வாய்க்குக் கொஞ்சம் வேலை குறையும், 90 விநாடி எவ்வளவு நீளம் என்பதும் அவருக்குத் தெரியவரும். அவருடைய முறை வரும்போது மட்டும் பக்கத்தில் இருப்பவர் வாங்கிக்கொள்ளட்டும். மணி அடிக்க வேண்டாம், பேசுகிறவர் பாதி வாக்கியத்தில் தூக்கிவாரிப் போட்டு நிறுத்துவார். கையை உயர்த்தினால் போதும், எடுத்த வாக்கியத்தை முடிக்கலாம் என்று முன்பே சொல்லிவிடுங்கள்.

மாற்றுக்கருத்து_மணி

ஒப்புக்கொள்கிறேன். இரண்டு மாதத்துக்கு மேல் ஒரே ஆளிடம் டைமர் இருக்க வேண்டாம் என்று மட்டும் என் ஆட்சேபத்தைப் பெயரோடு பதிவு செய்துகொள்ளுங்கள்.